பின்சீட்டில் இருந்த பை

என்னங்க, சாப்பாடு மூடி வெச்சிருக்கேன், சூடு பண்ணிக்கோங்க.

நேத்து கடைத்தெருவுல, உள்ள சாமான் வெளிய தெரியற கார் ஒவ்வொண்ணுலயும் 'திருட்டு ஜாக்கிரதை'ன்னு போலீஸ் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டினேன். உங்க கார்லயும்தான். "என் மானமே கப்பலேறிடுச்சு"ன்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டீங்க. கட்டின புருஷனை விட்டுட்டு ஊரை மட்டும் எந்த மூஞ்சியோட அதட்டறது? இன்னிக்கும் ஒட்டத்தான் போறேன்.

காலையில பார்த்தா நம்ம வாசல்லயே கார் பூட்டாம நிக்குது. உங்க ஆபீஸ் பை பின்சீட்டுல அப்படியே கிடக்கு! வீடு பூரா தேடாதீங்க, பை என்கூட ஸ்டேஷனுக்கு வருது. எல்லாரையும் மாதிரி வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கோங்க. காரை நானே பூட்டிட்டேன், சாவி உங்க ஷூவுக்குள்ள.

பி.கு: பையில இருந்த பிரஷர் மாத்திரையை மட்டும் எடுத்து மேசைமேல வெச்சிருக்கேன். அதைப் போட்டுட்டு அப்புறம் சண்டைக்கு வாங்க.