மீனாள் செய்யாத மண் கிளிகள்

ஆச்சி,

அன்று அத்தனை பேர் நடுவில் நான் ஏன் அப்படிச் சொன்னேன்? ஐந்து வருடங்களாக யோசித்தும் எனக்குத் தெரியவில்லை. உங்களிடம் கேட்டிருந்தால் “சொன்னதுல என்ன தப்பு?” என்றிருப்பீர்கள். அதனாலேயே நீங்கள் இருந்தவரை கேட்கவில்லை.

இன்று காலை எங்கள் கல்லூரித் தாவரவியல் துறையில் அலமாரிகளுக்கு வார்னிஷ் அடித்தார்கள். அந்த வாடை ஏறியதும் கோட்டையூர் வீட்டு முற்றம் நினைவுக்கு வந்தது. பக்கத்து மேசைக்காரரிடம், “எங்க ஆச்சி ஞாபகம்” என்றேன். “பாட்டியா?” என்றார். ஏழு வயது மூத்த அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம் என்று விளக்கினேன். நீங்கள் போய் ஒன்பது மாதமாகிறது என்பதைச் சொல்லவில்லை.

தொண்ணூற்று நான்காம் வருடக் கோடை. உங்கள் மகள் மீனாளுக்குக் கண்டரமாணிக்கத்து வரன் முடிவாகியிருந்தது. பேசி முடித்து எழும்போது மாப்பிள்ளையின் தாயார், “பொண்ணுக்குக் கைவேலை ஏதும் தெரியுமா?” என்று கேட்டார். வேதியியல் ஆய்வுக்கூடத்தில் கால் கடுக்க நின்று எம்.எஸ்ஸி. முடித்த பெண்ணைப் பற்றிக் கேட்க அவருக்கு அதுதான் தோன்றியது. நீங்களும் சளைக்காமல், “எல்லாஞ் செய்வா” என்றீர்கள். சட்டைக்குப் பித்தான் தைக்கத் தெரியாதவள் அவள்.

அந்த வாரமே ஏதோ பெண்கள் பத்திரிகையிலிருந்து கிழித்த இரண்டு பக்கங்களைக் கொண்டுவந்தீர்கள். களிமண்ணில் வால் ஹேங்கிங், அதாவது சுவரில் மாட்டும் அலங்காரப் பலகை, செய்வது எப்படி. கல்யாணத்துக்கு முதல் நாள் சீர்ச் சாமான்களை ஊர் பார்க்கப் பரப்பும்போது எவர்சில்வருக்கும் பித்தளைக்கும் பக்கத்தில் தனி மேசை போட்டு, எல்லாம் மீனாள் கைப்படச் செய்தவை என்று வைக்க வேண்டும். குடும்பமே சேர்ந்து இருபத்தொன்று செய்ய வேண்டும். ஏன் இருபத்தொன்று என்று கேட்டேன். “பாக்குறவுக கண்ணு நெறையணும்” என்றீர்கள். உங்கள் வாழ்க்கையின் எல்லா முடிவுகளுக்கும் அந்த ஒரே காரணம்தான்.

விடுமுறைக்கு மதுரையிலிருந்து வந்த நான் மாட்டிக்கொண்டேன். அயித்தான் கண்மாய் மண்ணைக் கரைத்துத் தன் பழைய வேட்டியில் வடிகட்டினார். கட்டிய நாளிலிருந்து உங்கள் சொல்லை மறுத்துப் பழகாத மனிதர். நான் பிசைந்து, சப்பாத்திக் கட்டையால் தேய்த்துப் பலகையாக்கினேன். நீங்கள் அதன்மேல் கிளி பிடித்து ஒட்டினீர்கள். அத்தனை கிளியும் அடைகாக்கும் கோழி போலவே இருந்தன. சொன்னேன்.

“பச்சை அடிச்சாக் கிளியாயிரும்” என்றீர்கள்.

உலர்த்தி, சூளையில் கொடுத்துச் சுட்டு வாங்கிய பிறகுதான் மாட்டுவதற்குத் துளை போடவில்லை என்பது தெரிந்தது. அயித்தான் ஸ்க்ரூடிரைவரால் குடைந்து நான்கை உடைத்தார். அந்த நான்கையும் மறுபடி செய்யவைத்தீர்கள். கடைசியில் எல்லாவற்றின் பின்புறமும் நூல் வளையத்தைப் பசை போட்டு ஒட்டினோம். நிற்குமா என்று கேட்டேன். “மேசையிலதான கெடக்கப்போகுது. மாட்டுறது அவுக பாடு.”

மீனாள் ஊஞ்சலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். மண்ணை அவள் தொடவே இல்லை.

“ஆத்தா, யாரும் கேட்டா நான் செய்யலன்னுதான் சொல்வேன்.”

“யாருடி கேக்கப்போறா? பாக்கத்தான வர்றாக.”

வார்னிஷ் காய்ந்ததும் மெல்லிய தூரிகையை என்னிடம் நீட்டினீர்கள். பின்புறம் அவள் பெயரை எழுத வேண்டும். எனக்குத்தான் கையெழுத்து நன்றாக இருக்குமாம். தன் அக்காவின் ரெக்கார்டு நோட்டுக்கு அட்டையை மாற்றிக் கொண்டுவந்த ஒரு மாணவியை நிற்கவைத்து நான் ஒரு மணி நேரம் நேர்மை பற்றிப் பேசியது அந்த வருடம்தான். இருபத்தொரு பலகையிலும் எழுதினேன். நன்றாகவே எழுதினேன்.

சாமான் பரப்பிய அன்று ஊரே வந்தது. அண்டாவைத் தூக்கிக் கனம் பார்த்தவர்கள், குடத்தைத் தட்டிப் பார்த்தவர்கள், நம் வீட்டில் வைத்ததைத் தங்கள் வீட்டுக் கல்யாணத்தோடு ஒப்பிட்டு மூக்கைச் சுளித்தவர்கள். இந்தக் கூட்டத்தின் கண் நிறையத்தான் நீங்கள் ஒரு மாதம் முதுகு ஒடிய உட்கார்ந்திருந்தீர்கள்.

மாப்பிள்ளையின் தாயார் ஒரு கிளியை எடுத்துத் திருப்பினார்.

“எழுத்து முத்து முத்தா இருக்கே. நீயே எழுதினியாத்தா?”

“இல்லீக. சின்னாத்தா எழுதினாக. இதுல ஒண்ணுகூட நான் செய்யல” என்றாள் மீனாள். மெதுவாகத்தான் சொன்னாள். எல்லோருக்கும் கேட்டது.

நீங்கள் சிரித்தீர்கள். “புகழ்ந்தா இவளுக்குக் கூச்சம். வெளையாட்டுக்குச் சொல்றா.” பிறகு என் பக்கம் திரும்பினீர்கள். “நீ சொல்லு. காலேசுல பாடம் எடுக்குறவ, ஒன் பேச்சை நம்புவாக.”

மீனாளும் என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்வேன் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

“அவதான் செஞ்சா” என்றேன்.

புகப்போகும் வீட்டார் முன்னால் ஒரு பெண்ணின் வாய்ச்சொல்லைப் பொய்யாக்கினோம், ஆச்சி. நாளை அந்த வீட்டில் அவள் எதைச் சொன்னாலும் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று தள்ளிவிட நாமே வழி காட்டினோம். உங்களுக்காவது அது பொய் என்று தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது; தோன்றியும் சொன்னேன். உங்கள் மேல் இருந்த இளப்பத்தை அதற்குப் பிறகு முழுசாக அனுபவிக்கக்கூட முடியவில்லை. பாதி என் மேல் திரும்பிக்கொண்டது.

கடைசி மாதங்களில், எழுந்து உட்கார முடியாத நிலையிலும், பார்க்க வருகிறார்கள் என்றால் தலை வாரி வைரத்தோட்டைப் போட்டுவிடச் சொல்வீர்கள். நான்தான் போட்டுவிட்டேன். காது மெலிந்து திருகாணி நிற்காது. ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பத்து நிமிடத்தில் கடிகாரம் பார்ப்பவர்களுக்காக இதுவா என்று பற்றிக்கொண்டு வரும். அந்த எரிச்சல் இன்னும் என்னிடம் இருக்கிறது. காட்டுவதற்கு ஆள்தான் இல்லை.

ஒன்றை உங்களிடம் மறைத்தேன். மறுநாள், கல்யாணத்தன்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

தாலி கட்டி முடிந்து பந்தி போய்க்கொண்டிருந்தது. நீங்கள் பாயசம் பற்றாது என்று சமையற்கட்டில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தீர்கள். மாப்பிள்ளையின் தாயார் என்னைத் தூண் ஓரமாக அழைத்தார்.

“நேத்துப் பொண்ணு சொன்னதுதான நெசம்?”

நான் சமையற்கட்டுப் பக்கம் பார்த்தேன்.

“பெருமை தேடி வருது, எனக்கு வேண்டாம்ங்கிறா. அவ எதுக்குப் பொய் சொல்லப்போறா?” என்றார். பிறகு குரலைத் தணித்து, “கைவேலையக்கூட நான் சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன். ஒங்க ஆச்சிட்டச் சொல்லிராதீக. பாவம், மண்ணெல்லாம் பெசஞ்சிருக்காக” என்றார்.

மாலையில் மீனாளை அனுப்பிவைத்தோம். உங்களைக் கட்டிக்கொண்டு அழுதாள். என்னை நிமிர்ந்து பார்க்காமல் கடந்து போனாள். காருக்குள் அந்த அம்மாள் பக்கத்து இருக்கையில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “இங்குட்டு வாத்தா” என்றார். மீனாள் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.