திட்டை விட்டுப் போன மீன்

மார்ச் 4

அன்புள்ள வாலு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பார்வை தெளிந்ததும் முதல் வேலையாக என் அலமாரியில் தூசி கண்டுபிடித்து ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். நீ இரண்டு மாதமாக எழுதவில்லை என்று அவளுக்குக் கோபம். எனக்கும்தான்.

ஒரு விஷயம் மண்டையைக் குடைகிறது. வலையோடு நீ கட்டி இறக்கும் என் வெப்பமானியின் பதிவுகளைப் படித்தேன். உங்கள் கப்பல் பதிவேட்டில், மீன் பிடித்த இடம் எப்போதும் வலை போடும் அந்தப் பழைய கடலடித் திட்டு என்று இருக்கிறது. திட்டின் தண்ணீர் இப்போது இரண்டு டிகிரிக்குச் சூடாகிவிட்டது. வெப்பமானியோ பூஜ்யத்துக்குக் கீழே ஒன்றரை என்கிறது. கருவி பழுதா என்று பார்த்துச் சொல்.

உறைகிற குளிரில் மட்டுமே வாழும் மீன் அது. ஆனாலும் சூடான திட்டை விட்டு நகரவில்லை என்று எல்லாக் கப்பல்களின் பதிவேடுகளையும் நம்பி அறிக்கை எழுதிவிட்டேன். அடுத்த பருவத்தில் எவ்வளவு பிடிக்கலாம் என்பதை அதை வைத்துத்தான் மே மாதம் மீன்வளக் குழு முடிவு செய்யும். சீக்கிரம் எழுது.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்கா,

அம்மாவுக்குக் கண் தெரிந்துவிட்டதா? இனி உனக்குக் கஷ்டகாலம்தான்.

கருவியில் கோளாறு இல்லை. பதிவேட்டில்தான் கோளாறு. திட்டில் மீன் இல்லாமல் போய் நான்கு வருஷம் ஆகிறது. எல்லாம் குளிரைத் தேடிப் பனி ஓரத்துக்குப் போய்விட்டன. அது குஞ்சுகள் வளரும் இடம், வலை போடக்கூடாது என்று உங்கள் ஆட்கள் கோடு கிழித்திருக்கிறார்கள். கோட்டைத் தாண்டும்போது கப்பலின் இடங்காட்டி மட்டும் சொல்லிவைத்தாற்போல் பழுதாகிவிடும். அங்கே பிடித்துவிட்டு, பதிவேட்டில் திட்டு என்று எழுதுவோம். எல்லாக் கப்பலிலும் இதே கதைதான். வலைக்குப் பொறுப்பாளன் நான். உன் வெப்பமானியைக் கழற்றி வைத்திருக்கலாம். நீ ஆசையாகக் கொடுத்தது, மனசு வரவில்லை.

போன வாரம் வலையில் வந்ததில் பாதி விரல் நீளக் குஞ்சுகள். அள்ளிக் கடலில் விட்டுப் பார்த்தேன், எல்லாம் செத்து மிதந்தன. கேப்டன்கூட, "உங்க அக்கா கண்ணுல மண்ணைத் தூவுறோம்டா, பாவம்" என்றார்.

இதை உன் தம்பியாகச் சொல்கிறேன், உன் அலுவலகத்துக்கு அல்ல. பதினான்கு குடும்பங்கள் இந்தக் கப்பலை நம்பியிருக்கின்றன. படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

உன் வாலு


மே 19

அன்புள்ள வாலு,

நான் கிழிக்கவில்லை. எட்டு நாள் கடிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தக் குஞ்சுகளும் போய்விட்டால் பிறகு அந்தக் கடலில் எதுவும் மிஞ்சாது. குழுவின் முன் என் அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். பதிவேடுகளை நம்ப முடியாது, மீன் பனி ஓரத்துக்குப் போய்விட்டது என்று சொல்லி, வெப்பமானிப் பதிவுகளைக் காட்டினேன்.

உன் கடிதத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. கப்பலின் பெயரையும் சொல்லவில்லை, சத்தியமாக. எந்தக் கப்பல் என்று தலைவர் இரண்டு முறை கேட்டார். அப்போது கப்பல் உரிமையாளர் சங்கத்துக்காரர் எழுந்தார். "இவங்க வெப்பமானி ஒரே ஒரு கப்பல்லதான் இருக்கு. அதுல இவங்க தம்பிதான் வேலை பார்க்கிறார்."

அதுவரை அது எனக்கு உறைக்கவே இல்லை. இத்தனை படித்து என்ன பிரயோஜனம்? அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

உங்கள் கப்பலின் உரிமத்தை ரத்து செய்துவிட்டார்கள். மற்றவர்களுக்குப் பதிவேட்டை ஒழுங்காக எழுதச் சொல்லி ஓர் எச்சரிக்கை, அவ்வளவுதான். பிடிக்கும் அளவைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். தண்ணீர் சூடாவதை எந்தக் குழுவாலும் குறைக்க முடியாது.

வீட்டுக்கு வா. என்னைத் திட்டுவதற்காவது வா.

அக்கா


ஜூலை 2

மதிப்பிற்குரிய ஆராய்ச்சியாளர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. கப்பலைத் துறைமுகத்தில் கட்டிப்போட்டுவிட்டார்கள். மற்ற பதின்மூன்று பேரும் வேறு கப்பல்களில் கேட்டுப் பார்க்கிறார்கள். காட்டிக்கொடுத்தவன் என்று என்னை யாரும் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள்.

கடிதம் எழுதியதைக் கேப்டனிடம் நானே சொன்னேன், அவர் என் மேல் கோபப்படவில்லை. இறங்கும்போது, "உங்க அக்கா செஞ்சது சரிதான்டா. நீ அவங்ககிட்ட சொன்னதுதான் தப்பு" என்றார்.

எனக்கும் அதேதான் தோன்றுகிறது. தங்கள் வேலையைத் தாங்கள் செய்தீர்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். அந்தக் குஞ்சுகளைப் பார்த்தவன் நான். ஆனால் நான் அந்தக் கடிதத்தை எழுதியது என் அக்காவுக்கு.

நான் வீட்டுக்கு வரப்போவதில்லை. தூரக் கடலுக்குப் போயிருக்கிறான், அங்கிருந்து கடிதம் போட வழியில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். கேட்கும்போதெல்லாம் அப்படியே சொல்லுங்கள். அந்த ஒரு பொய்யையாவது எனக்காகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் வலைப் பொறுப்பாளர்