பேனா இல்லாத சனிக்கிழமை

தோழி,

இன்று காலை அலுவலக அலுமாரியைத் திறந்தேன். மேல்தட்டில் அந்த நாற்பது வண்ணப் பேனாக்கள், பெட்டிகூடப் பிரிக்காமல் அப்படியே இருக்கின்றன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீர் கண்ணை மூடி மூன்று மாதமாகிறது. உம்மை நினைத்து நான் சிரித்தது இன்றுதான்.

கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் உள்ள இந்த யூதச் சமூக நிலையத்துக்கு நான் தொலைபேசிக்குப் பதில் சொல்லும் வேலைக்குத்தான் வந்தேன். இளைஞர் குழுவுக்கு நிகழ்ச்சி எழுதுவது உம்முடைய வேலை. பாஸ்கா பண்டிகைக்கு முந்திய கூட்டத்தை நீயும் எழுதிப் பாரேன் என்று நீர் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பிசைந்த மா பொங்கக்கூட நேரமில்லாமல் உம்முடையவர்கள் எகிப்தை விட்டுப் புறப்பட்ட கதையை இரண்டு தரம் வாசித்தேன். ‘உங்கள் வீட்டார் ஊரைவிட்டு வந்தபோது எதை விட்டுவிட்டு வந்தார்கள்? ஆளுக்கொரு தாளில் எழுதவும்’ என்று திட்டம் போட்டு, பேனாவும் வாங்கி வந்தேன்.

நீர் படித்துவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தீர். “கூட்டம் சனிக்கிழமை. ஓய்வுநாளில் நாங்கள் எழுதமாட்டோமே.”

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. நீரோ தாளைக் கிழிக்கவில்லை, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டீர். “கேள்வி அருமை. பேனாவை மட்டும் விடுவோம். காது போதும்.” அப்படித்தான் அந்த விதி பிறந்தது: வட்டமாக உட்கார வேண்டும், ஒவ்வொருவரும் முதலில் தனக்கு முன்னால் பேசியவர் விட்டுவந்ததைச் சொல்லிவிட்டு, பிறகு தன்னுடையதைச் சொல்ல வேண்டும். எழுதாமலே ஒருவர் சொன்னது மற்றவரிடம் தங்கிவிடும். நாம் இருவரும் குழந்தைகளைப்போல் மேசையைத் தட்டிக்கொண்டோம்.

உடனே ஒத்திகை பார்த்தோம். உம்முடைய அம்மா காசாபிளாங்காவில் தையற்காரரிடம் கொடுத்திருந்த பச்சைக் கோட்டை வாங்காமலே கப்பல் ஏறியதையும், சாகும்வரை அந்தத் தையற்காரரைத் திட்டியதையும் சொன்னீர். என் முறை வந்தது. “பேந்து சொல்லுறன்” என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். ‘பிறகு சொல்கிறேன்’ என்று அதற்கு அர்த்தம் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டீர். அதன் பின் ஒவ்வொரு வருடமும் கூட்டத்துக்கு முன் புருவத்தை உயர்த்தி, “பேந்து?” என்பீர். நான் தலையாட்டுவேன். நீர் வற்புறுத்தியதேயில்லை.

இந்த வருடம் கூட்டத்தை நடத்துகிறவள் நான்தான். சண்டைக்குப் பயந்து நாங்கள் வீட்டைவிட்டு ஓடிய நாளைப் பற்றிக் கேட்க, நேற்று பியர்பொன்ட்ஸில் இருக்கும் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“அம்மா, நாங்கள் வெளிக்கிட்ட அண்டைக்குத் தோசை மாச்சட்டிக்கு மேல என்னத்தை வைச்சனீங்கள்?”

“அம்மிக் குழவியை. பூனை தட்டிப்போடும் எண்டு. பின்னேரம் திரும்பிடுவம் எண்டுதானே நினைச்சனாங்கள். ஏன் பிள்ளை இப்ப?”

“நாளண்டைக்கு இஞ்ச பிள்ளையளுக்குச் சொல்லப்போறன்.”

“மாச்சட்டிக் கதையையோ? அதில என்ன கிடக்கு?” என்று கேட்டார். பிறகு, “நல்லாப் பொங்கியிருந்தது” என்றார்.

கேட்டீரா? உங்கள் மாவுக்குப் பொங்க நேரமில்லை. எங்கள் மா பொங்கிவிட்டது, சுட்டுத் தின்னத்தான் நேரமில்லை. இதைச் சொல்லியிருந்தால் நீர் நாற்காலியிலிருந்து குதித்திருப்பீர். நேற்றிலிருந்து எனக்கும் கால் நிலத்தில் நிற்கவில்லை. உம்மிடம் சொல்லாமல் விட்டேனே என்ற துக்கமும் கூடவே இருக்கிறது.

இன்று வெள்ளி. சூரியன் விழுந்தால் உங்கள் ஓய்வுநாள் தொடங்கிவிடும், அதற்குமுன் திட்டத்தை எழுதி முடித்துவிட வேண்டும். முதல் நாற்காலி என்னுடையது. ‘முதலில் பேசுபவருக்கு முன்னால் ஒருவரும் இல்லை, தன்னுடையதை மட்டும் சொன்னால் போதும்’ என்று நீர் எழுதி வைத்திருக்கிறீர். அந்த வரியை வெட்டிவிட்டேன்.

நாளை முதலில் தையற்கடையில் தொங்கிய பச்சைக் கோட்டைச் சொல்லுவேன். பிறகு எங்கள் மாச்சட்டியை.