எந்த மருந்து என்று கேட்டவர்

டாக்டரம்மா,

புயலில் உப்புப் பாத்தியெல்லாம் கரைந்துபோய், ரோட்டில் விழுந்த மரங்களை நாள்கணக்கில் அறுத்துக்கொண்டிருந்த வருஷம் அது. அந்த மழை விடுவதற்குள் என் பெண்சாதியும் போய்விட்டாள்.

இன்று காலை ஆஸ்பத்திரியில் உங்கள் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். பார்த்துவிட்டு வந்து இதைச் சொல்கிறேன். எனக்கு எழுத்து வராது, மருமகள் எழுதுகிறாள்.

தூக்கமில்லை என்று என் தம்பி ஏழுமலைதான் அன்று என்னை உங்களிடம் கூட்டிவந்தான். "தற்கொலை எண்ணம் ஏதாவது வருதா?" என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். பொய்யில்லை. அது பேப்பரில் வரும் சொல். என் மனசில் ஓடியதற்கு அந்தப் பெயர் என்று எனக்குத் தெரியாது.

நீங்கள் பேனாவை மூடி வைத்தீர்கள். "பெரியவரே, போய்ச் சேர்ந்துட்டா தேவலன்னு தோணுதா?"

"டெய்லி தோணுதுங்க."

ஏழுமலை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வீட்ல மருந்து இருக்கா?"

"சுகர் மாத்திரை இருக்குதுங்க."

"நான் கேக்கறது அந்த மருந்து இல்லைன்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும்தான். எங்கள் ஊரில் ஒருத்தன் மருந்து குடித்துவிட்டான் என்றால் அது மாத்திரை இல்லை, பூச்சிமருந்து. தெரிந்தேதான் நழுவினேன்.

"மல்லாட்டக் கொல்லையில கடலச் செடிக்கு அடிக்க வாங்கினது இருக்குது. பரண்மேல."

"ஏண்ணா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே?" என்றான் தம்பி.

"நீ கேக்கலியே. தூங்கு தூங்குன்னுதான சொன்ன."

நீங்கள் திட்டவில்லை, சாமிமேல் சத்தியமும் வாங்கவில்லை. "இப்பவே போய் அத எடுத்துடுங்க. உங்க வீட்லயும் வெக்காதீங்க. நீங்க வர்ற வரைக்கும் அண்ணன் இங்கயே இருக்கட்டும்" என்று அவனை அனுப்பினீர்கள். உங்கள் மேஜைக்குப் பக்கத்திலேயே என்னை உட்கார வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் வைத்தியம் பார்த்தீர்கள். நடுவில் டீ வந்தது.

"நாளைக்கு என்ன வேல?"

"பாத்தியில சேறு வாரணுங்க."

"வாரிட்டு, எவ்ளோ வாரினீங்கன்னு எங்கிட்ட வந்து சொல்லிட்டுப் போங்க."

கோடை வரைக்கும் தினமும் வந்து சொன்னேன். மாத்திரையும் தின்றேன். தூக்கம் மெதுவாகத்தான் வந்தது.

இப்போது உப்பளத்தில் எவனாவது சாப்பிடாமல் ஒதுங்கி உட்கார்ந்தால், நம்ம வார்த்தையிலேயே நேராகக் கேட்டுவிடுகிறேன். கேட்டதால் எவனுக்கும் புதிதாக அந்த நினைப்பு வந்ததில்லை. இரண்டு பேரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டியும் வந்திருக்கிறேன்.

போன மாசியில் ஏழுமலை மாரடைப்பில் போனான். பங்குனியில் நீங்கள். அன்றைக்கு அந்த அறையில் இருந்த மூன்று பேரில் இப்போது இருப்பது, போய்விடுவானோ என்று நீங்கள் பயந்த இந்த முனுசாமி ஒருத்தன்தான்.