இடப்பக்கம் விட்டுப்போன பன்னிரண்டு

6 ஜூன் 1988, திங்கள்

காலையில் கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷன் படியில் ஒருவனுடைய கூடை என் இடது தோளில் இடித்துவிட்டது. போன வாரம் நம் சந்துக் கம்பத்தில் இடித்துக்கொண்ட அதே இடம். இடித்ததும் இல்லாமல் "அந்தி ஹை க்யா" என்று கத்துகிறான். யாரைப் பார்த்துக் குருடி என்கிறான்? வடாலா கம்பெனியில் எக்ஸ்போர்ட் சட்டையில் பழுது இருக்கிறதா என்று பார்க்கிற இருபது பெண்களில் இந்த இருதயமேரியின் மேஜைதான் முதல் மேஜை. பதினொரு வருஷத்தில் என் மேஜையைத் தாண்டிப் போன சட்டை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

இன்று புது மெஷின் இறக்கினார்கள். மேலே கேமரா, கீழே கறுப்பு மேஜை, பக்கத்தில் ஓர் இரும்புக் கை. சட்டையை விரித்தால் கேமரா பார்க்குமாம். கறையோ ஓட்டையோ இருந்தால் அந்தக் கை எடுத்து ஒதுக்கிவிடுமாம்.

"அப்ப நாம எதுக்குக்கா?" என்றாள் சாயிரா. கடையநல்லூர்க்காரி, என் ஜோடி. நான் பாஸ் பண்ணின சட்டையை இடப்பக்கம் தள்ளுவேன். அவள் தொங்கல் நூலை வெட்டி மடிப்பாள். ஐந்து வருஷமாக இப்படித்தான்.

"இரும்புக்கு என்னட்டி தெரியும்" என்றேன்.

9 ஜூன், வியாழன்

மெஷினுக்குப் பொறுப்பு அனந்தகிருஷ்ணன் என்ற எஞ்சினியர். மாட்டுங்காவிலிருந்து வருகிறார். "உங்க கண்ணை வெச்சுத்தான் இதோட கண்ணைச் சோதிக்கணும்னு மேனேஜர் சொல்றார். கோச்சுக்காதீங்கோ" என்றார்.

செவ்வாய்க்கிழமை பந்தயம். முந்நூறு வெள்ளைச் சட்டை. முதலில் நான், பிறகு அதே சட்டைகளை மெஷின். மெஷின் ஜெயித்தால் எங்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். பத்துப் பேர் பிழைப்பு என் கண்ணில்.

12 ஜூன், ஞாயிறு

பூசையில் மாதாவிடம் வேண்டினேன். ஓர் இரும்பை ஜெயிக்க அவளைக் கூப்பிடுவது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

14 ஜூன், செவ்வாய்

தோற்றுப்போனேன்.

மெஷின் பிடித்தது நாற்பத்தொன்று. நான் இருபத்தொன்பது. பன்னிரண்டு சட்டையை விட்டிருக்கிறேன். பொடிப்பொடிப் பழுது என்றாலாவது மனசு ஆறும். ஒன்றில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. எஞ்சினியர் எடுத்துக் காட்டினபோதுதான் பார்க்கிறேன். இதை எப்படி விட்டேன்? இந்தக் கையாலதான விரிச்சேன்?

பந்தயம் என்பதால் சாயிராவைப் பக்கத்தில் நிற்கவிடவில்லை. "நூல் வெட்ட நானும் நிக்கேன் சார்" என்று அவள் கெஞ்சினாள். அழுகிற முகமாக இருந்தது. இவளுக்கு என்ன என்று அப்போது நினைத்தேன்.

15 ஜூன்

டிபன் டப்பா திறக்காமலே வீட்டுக்கு வந்தது.

16 ஜூன், வியாழன்

எஞ்சினியர் கூப்பிட்டார். குத்திக்காட்டப் போகிறார் என்று வரிந்துகட்டிக்கொண்டு போனேன். ஒரு காகிதத்தில் சட்டை வரைந்து, நான் விட்ட பன்னிரண்டுக்கும் சிவப்புப் புள்ளி வைத்திருந்தார்.

"பாருங்கோம்மா. வலது பக்கத்துல ஒண்ணுகூட விடலை. விட்டதெல்லாம் உங்க இடது கைப்பக்கம். கவனக்குறைவுன்னா அங்கங்கே விட்டுப்போகணுமோல்லியோ?" காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார். "எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. நாளைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ."

வீட்டுக்கு வந்து வலது கண்ணைப் பொத்திக்கொண்டு காலண்டரைப் பார்த்தேன். புகை. புகைக்குள் சுவர் இருக்கிற மாதிரி இருந்தது. காலண்டர் இல்லை.

கையை எடுத்தேன். காலண்டர் இருந்தது. மறுபடி பொத்தினேன் — மாதாவே.

17 ஜூன்

என் வீட்டுக்காரர் விக்ரோலி வேலைக்கு லீவு போட்டுக் கூட வந்தார். கண்ணுக்குள் நீர் அழுத்தமாம். வலி தராமல் ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வருமாம். இடது கண் ஏறக்குறைய முடிந்துவிட்டது. வலதிலும் மூக்குப் பக்கம் தொடங்கிவிட்டது. போனது போனதுதான், இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். இரண்டு வருஷம் முன்னால் வந்திருக்கலாமே என்று கேட்டார்.

தெரிந்தால் வந்திருக்க மாட்டேனா? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று எத்தனை பேரைக் கேலி பண்ணியிருக்கிறேன்.

ஆனால் ஒன்று இடிக்கிறது. இரண்டு வருஷமாக இடப்பக்கம் தெரியவில்லை என்றால், நான் விட்ட சட்டைகள் எங்கே போயின? ஏன் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை?

18 ஜூன், சனி

சாயிராவைக் கேட்டேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"நாந்தாங்க்கா. நீங்க விட்டதெல்லாம் எடுத்து பழுதுக் கட்டுல சொருகிருவேன். ரெண்டு வருசமா."

"ஏன்ட்டி சொல்லல?"

"சொன்னா ஒங்க மேஜையப் பறிச்சிருவாங்கள்லா. கண்ணுன்னு எனக்குத் தெரியாதுக்கா. வயசு, அசதின்னு நெனச்சேன்."

கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. பாவி மவளே, ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு கண்ணுட்டி! அவள் அழுதாள். நானும் அழுதேன், எதற்கென்று தெரியாமல்.

இரும்புக் கைக்கு என் மேல் பாசம் கிடையாது. உள்ளதைச் சொல்லிவிட்டது. பாசம் இருந்தவள் மூடி வைத்தாள். இதை யாரிடம் போய்ச் சொல்வேன்?

23 ஜூன்

சாயிராவோடு பேசவில்லை. காலை, மாலை மருந்து. எரிகிறது.

4 ஜூலை, திங்கள்

பார்வை போன ஆளை வைத்து நடத்தினது பந்தயமே இல்லை, மறுபடி நடத்த வேண்டும் என்று எஞ்சினியர் எழுதிக் கொடுத்திருக்கிறார். யாரை நிறுத்தலாம் என்று என்னைத்தான் கேட்டார்கள். என் வாயால்தான் சொன்னேன் — சாயிரா. இரண்டு வருஷமாக இரண்டு பேர் வேலையைப் பார்த்த கண் அது.

7 ஜூலை

வெள்ளைச் சட்டையில் மெஷின் முப்பத்தாறு, சாயிரா முப்பத்தைந்து. அடுத்து கட்டம் போட்ட சட்டையை விரித்தார்கள். ஒவ்வொரு கோட்டையும் பழுது என்று நினைத்து, அந்தக் கை நல்ல சட்டையை எல்லாம் தூக்கிப் போட்டது. நிறுத்தச் சொல்லும் வரை போட்டது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எஞ்சினியரே சிரித்துவிட்டார்.

வெள்ளைச் சட்டை மெஷினுக்கு, கட்டமும் பூவும் எங்களுக்கு. இந்த வருஷம் யாரையும் அனுப்பவில்லை. அடுத்த வருஷம் அதுவும் கட்டம் பார்க்கப் பழகிவிடும் என்றார் எஞ்சினியர்.

1 ஆகஸ்ட்

முதல் மேஜை சாயிராவுக்கு. இடப்பக்கம் நின்று நூல் வெட்டுவது நான்.

3 செப்டம்பர், சனி

வலது கண் அப்படியே நிற்கிறதாம். டாக்டர் சொன்னார்.

மத்தியானம் சாயிரா பாஸ் பண்ணித் தள்ளின சட்டை ஒன்றில் காலர் ஓரம் தையல் விட்டிருந்தது. சூப்பர்வைசர் பின்னால் நின்றார். என் கை தன்னால் அந்தச் சட்டையைப் பழுதுக் கட்டில் சொருகப் போனது. பாதியில் நிறுத்தினேன்.

"ஏட்டி, காலரப் பாரு" என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

அவள் முகம் சிவந்துவிட்டது. வளையல் குலுங்கச் சட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "ஆமாக்கா" என்றாள். சூப்பர்வைசரிடம் இரண்டு பேரும் பேச்சு வாங்கினோம்.

சாயங்காலம் ரோட்டைத் தாண்ட நின்றேன். இடப்பக்கம் யாரோ வந்து நிற்பது வளையல் சத்தத்தில் தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டினேன்.