அரிசி டப்பாவுக்குள் ஒரு மூச்சு

பாசமுள்ள சாமுவேல் மாமாவுக்கு,

நீங்கள் போய் நான்கு மாதம் ஆகிறது. ஹூஸ்டன் பக்கத்து நம் சுகர் லேண்டில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. உங்கள் மகன் டேவிட் ஃப்ரீவே டிராஃபிக்கைத் திட்டிக்கொண்டே ஆபீஸ் போய்வருகிறார். நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். மத்தியானம் இரண்டு மணிக்கு நீங்கள் மவுத் ஆர்கன் வாசிப்பது எனக்கு மட்டும்தான் கேட்கிறது. உங்களுக்குப் பயப்படுகிற ஆளா நான்? ஆனாலும் அந்த நேரத்தில் சமையலறைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன்.

கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. தூத்துக்குடிக்காரர், ரிஃபைனரி எஞ்சினியர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காணிக்கைப் பை பிடிக்கிறவர், வெள்ளிக்கிழமை ஆனால் தொப்பியை மாட்டிக்கொண்டு ஹூஸ்டன் பாரில் கறுப்பினத்தவரின் சோக இசையான ப்ளூஸ் வாசிக்கக் கிளம்புகிறார்! அதுவும் நாற்பது வருஷமாக. முதல் வருஷம் அந்தக் கறுப்பின வித்வான்கள் உங்களை மேடையேற விடவில்லையாம், மூலையில் உட்கார்ந்து கேட்கச் சொன்னார்களாம். நீங்களும் வாராவாரம் போய் உட்கார்ந்தீர்கள். ஒருநாள் பேஸ் கிட்டார் வாசிக்கும் ரே அங்கிள் கையைக் காட்டிக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு அவருடைய வேனில் லூசியானா வரை போய் வாசித்திருக்கிறீர்கள். வெளிவந்த ஒரே ரெக்கார்டின் அட்டையில் உங்கள் பெயரைத் தப்பாகப் போட்டிருந்தார்கள். அதையும் ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டினீர்கள்.

சர்ச் ஆன்ட்டிகள் என்னிடம், "உங்க மாமனார் இன்னும் அந்தப் பீப்பீய ஊதிட்டுதான் இருக்காரா?" என்பார்கள். வந்து சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். "ஊதுறதா? ப்ளூஸை ஊத முடியாது ஷீலாம்மா. உள்ள இழுக்கணும். அழுகைய அடக்குறப்ப மூச்சை இழுக்குறோமே, அது மாதிரி."

அந்த மூச்சுக்குத்தான் வந்தது வினை. நுரையீரல் கெட்டு, மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் வந்த பிறகும் நீங்கள் விடவில்லை. மற்ற மவுத் ஆர்கன்களை எல்லாம் ரே அங்கிள் வீட்டில் கொடுத்துவிட்டு, ஒன்றை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டீர்கள். ஒருநாள் வாசித்துக்கொண்டிருந்தபோதே உங்கள் உதடு நீலமாகிவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது மாமா. அன்று நீங்கள் தூங்கிய நேரத்தில் அதை எடுத்து, சமையலறையை ஒட்டிய பேன்ட்ரியில் அரிசி டப்பாவுக்குள் ஆழமாகப் புதைத்தேன்.

"இனிமே வாசிக்காதீங்க, நான் எடுத்து வெச்சிருக்கேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். சண்டை வந்திருக்கும், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பீர்கள், அவ்வளவுதான். நான் என்ன சொன்னேன்? "எங்கயாவது வெச்சுட்டு மறந்திருப்பீங்க மாமா." எவ்வளவு சுலபமாக வாயில் வந்துவிட்டது!

நீங்கள் மெத்தையைப் புரட்டினீர்கள். ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தீர்கள். ஷூவுக்குள் கைவிட்டுப் பார்த்தீர்கள். பிறகு சின்னச் சின்னத் தாள்களில் 'கண்ணாடி இங்கே', 'மாத்திரை இங்கே' என்று எழுதி ஒட்ட ஆரம்பித்தீர்கள். அதைப் பார்த்தும் நான் வாயைத் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

அப்போதுதான் ஒரு மத்தியானம் சோற்றைப் பாதியில் நிறுத்தித் தலையைத் திருப்பினீர்கள். "பேன்ட்ரியில யாரும்மா வாசிக்கிறது? என்னோடதுதான் அது, சத்தம் தெரியாதா எனக்கு?" எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நீங்கள் விரல் நீட்டிய இடம் மிகச் சரியாக இருந்தது. கையில் இருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் ரே அங்கிளுக்கு நீங்கள் போன் பண்ணியதைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். அவருடைய அடுத்த கச்சேரியில் உட்கார்ந்தபடியாவது ஒரு பாட்டு வாசிப்பதாக ஒத்துக்கொண்டிருந்தீர்கள். "காதில் கேட்கிறது ரே, கையில் கிடைக்க மாட்டேன் என்கிறது. என் மூளை போய்விட்டது. வேறு ஆளைப் பார்" என்று ஆங்கிலத்தில் சொன்னீர்கள். மூச்சு முட்டுகிறது என்று நிறுத்தியிருந்தால்கூட எனக்கு மனசு ஆறும். அதிலிருந்து பதினோராம் நாள் போய்விட்டீர்கள்.

அடக்கம் முடிந்த மறுவாரம் எனக்கும் கேட்டது. ஒரே ஒரு சுரம், உள்ளே இழுக்கிற சுரம். ஏசியாக இருக்கும் என்று ஏசியை அணைத்தேன். நிற்கவில்லை. டப்பாவைத் திறந்து முழங்கை வரை கையை விட்டேன். சத்தம் நின்றது. எடுத்துப் பார்த்தால் ஓட்டைகளில் எல்லாம் ஈரம். வாய் வைக்கிற பக்கம் அரிசி ஊறி, பருத்து, ஒட்டிக்கொண்டிருந்தது. சொட்டுத் தண்ணீர் படாத டப்பா மாமா அது! துடைத்துக் காயவைத்துப் புது அரிசிக்குள் வைத்தேன். மறுநாளும் அப்படியே இருந்தது. அந்தச் சுரம் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போகிறது. நேற்று கடிகாரத்தைப் பார்த்தேன், முழுதாக ஒரு நிமிஷம். இப்போது உங்களுக்கு மூச்சு முட்டுவதே இல்லையா?

இதோடு போயிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டே இருந்திருப்பேன், அவ்வளவு கோழை. ஆனால் போன வாரம் டேவிட் ஃப்ரீவேயிலிருந்து வழக்கமாக இறங்குகிற எக்ஸிட்டைத் தவறவிட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "அப்பாவுக்கு வந்தது எனக்கும் ஸ்டார்ட் ஆயிடுச்சு ஷீலா. டாக்டர்கிட்ட மெமரி டெஸ்ட்டுக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டிருக்கேன். நம்ம பொண்ணுகிட்ட இப்போதைக்குச் சொல்லாத" என்றார். ஐம்பத்திரண்டு வயதுதான் ஆகிறது அவருக்கு. நேற்று பார்க்கிறேன், பாத்ரூம் கண்ணாடியில் 'ஸ்டவ் ஆஃப்' என்று தாள் எழுதி ஒட்டியிருக்கிறார்.

உங்களுக்கு வராத வியாதி, மாமா. நான் உண்டாக்கியது. அதை இப்போது உங்கள் மகனுக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அதனால்தான் இந்தக் கடிதம். மவுத் ஆர்கனை எடுத்துச் சாப்பாட்டு மேஜைமேல் அவர் கண்ணில் படுகிற மாதிரி வைத்துவிட்டேன். கராஜ் கதவு திறக்கிற சத்தம் கேட்கிறது. இதைக் கேட்ட பிறகு அவர் என்னோடு வாழ்வாரா, தெரியவில்லை. நீங்கள் மன்னிப்பீர்களா, அதுவும் தெரியவில்லை. ஆனால் அவர் ஷூவைக் கழற்றுவதற்கு முன்னால் சொல்லிவிடுவேன், இது சத்தியம்: "உங்க அப்பா எதையும் மறக்கல. நான்தான் எடுத்து ஒளிச்சேன்."

உங்களிடம் பொய் சொன்ன மருமகள்,
ஷீலா