பக்கத்தின் அடியில் இருந்த பெயர்

செஞ்சி
7.9.2025

அன்புள்ள பீமா,

நலம் என்று எழுதினால் அது பொய்.

"போனில் இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதே, வாட்ஸப்பிலும் எழுதாதே, தபால்ல போடு" என்று புனேயில் உட்கார்ந்துகொண்டு சொல்லிவிட்டாய். போஸ்ட் ஆபீஸில் கவர் கேட்டால் கவுன்ட்டர் அம்மா, "இன்னாப்பா, கோர்ட்டு கேஸா?" என்றார். அங்கேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை நம் செல்போன் கடைக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். டிஸ்ப்ளே மாற்ற வந்திருக்கிறார் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை. "ஏழுபேர்னு ஒரு வெப்சைட்டாமே, உன்னுதா?" என்றார். கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் நழுவிக் கீழே போய்விட்டது.

"சார், அது கற்பனை டீமு. நம்ம பக்கத்து ஊருங்கள்ல கபடி மேட்ச் நடக்குதில்ல, அதுல ஆடுற பசங்கள்ல எந்த ஊரு, எந்தத் தெருன்னு இல்லாம ஏழு பேரைப் பொறுக்கி வெச்சிக்கணும். அந்தப் பையன் கிரவுண்டுல பாயிண்ட் எடுத்தா இவனுக்கு போன்ல பாயிண்ட். அவ்ளோதான்" என்றேன்.

"காசு?"

"ஒத்தப் பைசா இல்ல சார்."

"தோத்தவன் இன்னா குடுக்கணும்?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். நீ விளையாட்டாக எழுதி வைத்தாயே ஒரு விதி, அதை அவர் போனிலேயே எடுத்துக் காட்டினார். 'தோற்றவர் வென்றவருக்கு ஒரு படி மல்லாட்டை அவித்துத் தர வேண்டும்.' வேர்க்கடலை விஷயம்தானே, அவர் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "புதுச் சட்டம் வந்திருக்குது தெரியுமில்ல? பணமோ, பணத்துக்கு ஈடா எதுவோ கட்டி ஆடுனா தப்பு. மல்லாட்டைக்கு வெல இருக்குதா இல்லியா? இன்ஸ்பெக்டர் கூப்புடுவாரு, வந்துட்டுப் போ" என்றார்.

பெரிய பெரிய ஆன்லைன் கேம் கம்பெனிகளே ஆகஸ்டில் கடையைக் கட்டிவிட்டார்கள். நாம் எம்மாத்திரம்? ரஞ்சனி சோறு போடும்போதெல்லாம், "பொண்டாட்டி புள்ளையக் காப்பாத்துறத வுட்டுட்டு ஊரு கபடிக்குக் கணக்கு எழுதுனியே, போய்க் கம்பி எண்ணு" என்கிறாள். வாய் அப்படிப் பேசுகிறதே தவிர, ராத்திரி இரண்டு முறை எழுந்து கதவுத் தாழைப் பார்க்கிறவளும் அவள்தான்.

மூடிவிடலாமா? நீ சொல்.

உன்,
வேலு


புனே
14.9.2025

வேலு,

உன் கடிதத்தை ஆபீஸ் மாடிப்படியில் நின்று படித்தேன். படித்துவிட்டுக் கிழித்தும் விட்டேன். கோபிக்காதே.

என் நிலைமை உனக்கு முழுதாகத் தெரியாது. பரீட்சை தேறிவிட்டேன், மத்திய அரசு வேலை. எங்கள் அம்மாவைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. இன்னும் போலீஸ் சரிபார்ப்பு முடியவில்லை. அதுவும் நம் ஊர் ஸ்டேஷனுக்குத்தான் வரும். அந்த மேஜையிலேயே 'ஏழுபேர்' பற்றிய புகாரும் கிடந்தால் என் கதை முடிந்தது. எங்கள் வீட்டில் அரசாங்கச் சம்பளம் வாங்கப் போகிற முதல் ஆள் நான்.

உனக்கு ஒன்று என்றால் உன் மாமா தாண்டவராயன் புல்லட்டில் வந்து ஸ்டேஷன் வாசலில் இறங்குவார். "நம்ம பையன்" என்று ஒரு வார்த்தை சொல்வார், விட்டுவிடுவார்கள். எனக்கு யார் இறங்குவார்? யாரோ தொலைத்த சைக்கிளுக்காக எங்கள் நைனாவைக் காலையிலிருந்து பொழுது சாயும்வரை அங்கே உட்கார வைத்தார்கள். எங்கள் காலனியிலிருந்து கேட்கப் போனவர்கள் ஸ்டேஷன் வாசல் வேப்பமரத்தடியைத் தாண்டி உள்ளே போகவில்லை. சைக்கிள் கிடைத்த பிறகும் நைனா அந்த ரோட்டில் நடக்கமாட்டார். அந்தப் பயம் எனக்கு ரத்தத்திலேயே இருக்கிறது, வெட்கப்படவில்லை.

அதனால் மூன்று காரியம் செய். மல்லாட்டை விதியை இன்றே எடு. பக்கத்தின் அடியில் 'ஆக்கம்: பீமாராவ், வெற்றிவேல்' என்று இருக்கிறதில்லையா, அதில் என் பேரை எடு. யார் கேட்டாலும் நீ ஒருத்தன்தான் செய்தாய் என்று சொல். காரணத்தை யாரிடமும் சொல்லாதே, எங்கள் அம்மாவிடம்கூட.

மூடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று வருஷம் தூங்காமல் எழுதினது.

பீமா


செஞ்சி
28.9.2025

அன்புள்ள பீமா,

சொன்னதைச் செய்துவிட்டேன். விதியை எடுத்தபோது ஒன்றும் தோன்றவில்லை. உன் பேரை மட்டும் இரண்டு முறை அழித்து, திரும்பப் போட்டு, மூன்றாவது முறைதான் அழித்தேன். இப்போது அடியில் என் பேர் தனியாக, பஸ்ஸை விட்டவன் மாதிரி நிற்கிறது.

இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார், போனேன். நல்ல மனுஷன்தான், நிதானமாகக் கேட்டார். காசு இல்லை, மல்லாட்டையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். "கூட யாரு?" என்றார். "நான் ஒருத்தன்தான் சார்." "செல்லு ரிப்பேர் பண்றவன் இவ்ளோ பெருசா புரோகிராம் எழுதுவியா?" என்றார். "வீடியோ பாத்துக் கத்துக்கிட்டேன் சார்" என்று புளுகினேன். என் முகத்தையே பார்த்தார். "மேல கேட்டுச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டார். அந்த 'மேல'யிலிருந்து இன்னும் பதில் இல்லை. ஜீப் சத்தம் கேட்டால் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிடுகிறேன்.

அதைவிட மோசம், ரேஷன் கடையில் உங்கள் அம்மாவைப் பார்த்ததுதான். மீனம்பாள் அம்மாவுக்குக் கபடி பற்றி ஒன்றும் தெரியாதே தவிர, தினமும் பக்கத்தைத் திறந்து அடிவரைக்கும் தள்ளிக்கொண்டு போய் உன் பேரைப் பார்ப்பாராம். எனக்கு இது தெரியாது. வரிசையில் எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஏம்ப்பா வேலு, எம்புள்ள பேரு எங்கப்பா?"

"சிஸ்டத்துல கோளாறும்மா, சரி பண்ணிடுவோம்" என்றேன். பையில் அரிசியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நம்பினாரா என்று தெரியவில்லை.

சாப்பிடுகிறாயா? ரொட்டியையே தின்று இளைத்துப் போகாதே.

உன்,
வேலு


புனே
19.11.2025

அன்புள்ள வேலு,

வேலை ஆணை வந்துவிட்டது! சரிபார்ப்பு எந்தச் சிக்கலும் இல்லாமல் முடிந்தது. கவரைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன், அவ்வளவு பயம். பிரித்த பிறகு அறையில் தனியாக உட்கார்ந்து அழுதேன். பொங்கல் கழித்து நாக்பூரில் சேர வேண்டும்.

நீ இல்லை என்றால் இது இல்லை, வேலு. ஸ்டேஷனில் எனக்காக நீ சொன்ன பொய்யை மறக்கமாட்டேன்.

அம்மா போனில் இன்னும் அதையே கேட்கிறார். நானும் சிஸ்டம் கோளாறு என்றே சொல்லி வைத்திருக்கிறேன். ஸ்டேஷன் பதில் வந்ததும் என் பேரைத் திரும்பப் போட்டுவிடு. பொங்கலுக்கு அம்மா பார்க்க வேண்டும்.

உன்,
பீமா


செஞ்சி
21.12.2025

அன்புள்ள பீமா,

பதில் எழுதத் தாமதம். எழுதி எழுதிக் கிழித்தேன்.

முதலில் நல்ல சேதி. ஸ்டேஷனில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். பணமும் இல்லை, பந்தயமும் இல்லை, அதனால் நடத்திக்கொள்ளலாம். அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

சேதி ஊருக்குள் பரவிவிட்டது. ஊர்க் கபடிக் கமிட்டியில் தாண்டவராயன் மாமா எனக்குச் சால்வை போட்டார். "நம்ம பையன் கம்ப்யூட்டர்ல கபடியக் கண்டுபுடிச்சிட்டான்" என்று மைக்கில் சொன்னார். எனக்குக் கூசியது. காணும் பொங்கல் மேட்ச்சில் கோட்டுக்குப் பக்கத்திலேயே நாற்காலி, மைக், எல்லாம் எனக்குத் தருகிறார்களாம்.

ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். "ஊருப் பசங்க பேரு ஒரு லிஸ்டு, காலனிப் பசங்க பேரு ஒரு லிஸ்டு, பிரிச்சிப் போட்டுடு. நம்ம வூட்டுப் புள்ளையும் அவனுங்களும் ஒரே டீமுல இருக்கறத மைக்குல படிக்கச் சொல்றியா?" நானும் விடவில்லை. "மாமா, உங்க பையன் அரிகிருஷ்ணன் போன்ல வெச்சிருக்கற டீமுக்கே காலனி ராஜாராம்தான் கேப்டன்" என்றேன். மாமா முகம் கறுத்துப் போய்விட்டது.

உன் பேரைப் பற்றியும் பேச்சு வந்தது. "அந்தப் பேரு இல்லாததே நல்லது. வுட்டுடு" என்றார்.

பீமா, கிரவுண்டு கமிட்டி கையில் இருக்கிறது. உள்ளே விடாவிட்டால் ஸ்கோர் இல்லை, ஸ்கோர் இல்லாவிட்டால் ஏழுபேர் இல்லை. என் கடையும் மாமா கட்டிடத்தில் இருக்கிறது. போலீஸுக்குப் பயந்தேன், அது மூன்று மாசத்தோடு போயிற்று. இவர்களோடு நான் தினமும் விழிக்க வேண்டும். பொங்கல் தாண்டட்டும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளேன்.

வேலு


புனே
30.12.2025

வெற்றிவேல்,

என் பேரை எடுக்கச் சொன்னது நான். அது என் பயம், அதற்கு நீ துணை நின்றாய். இப்போது அந்தப் பேர் வராமல் இருப்பது உன் பயம். அதற்கு நான் துணை நிற்க வேண்டும் என்று கேட்கிறாய்.

நாம் எதற்காக இதை ஆரம்பித்தோம் என்று யோசித்துப் பார். கல்லூரியில் நீ பிடிக்க, நான் ரெய்டு போக, ஒரே டீமில் ஆடினோம். ஊருக்கு வந்தால் ஆடமுடியாது. உனக்கு ஊர் டீம், எனக்குக் காலனி டீம். கோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று ஒருத்தனை ஒருத்தன் மண்ணில் அமுக்கினோம். கிரவுண்டில் சேராதது போனிலாவது சேரட்டும் என்று சொன்னது நான் இல்லை. நீ. அந்த லிஸ்டை இரண்டாகப் பிரிக்க எனக்கு அரைமணி நேரம் போதும். எழுதித் தரமாட்டேன்.

பயப்படாதே, மிரட்டவில்லை. வெப்சைட் முகவரி என் பேரில் பதிந்திருக்கிறது, ஜனவரி கடைசியில் கெடு. அதைப் புதுப்பித்துவிட்டேன், பாஸ்வேர்டும் உன்னிடம் இருக்கிறது. வேறு ஆளை வைத்துப் பிரித்துக்கொள்வதானால் பிரித்துக்கொள். அப்படி ஆனால் அது எனக்குத் தெரிந்த பக்கம் இல்லை, நீயும் எனக்குத் தெரிந்த வேலு இல்லை.

பதில் எழுத வேண்டாம். பக்கத்தைத் திறந்து நானே பார்த்துக்கொள்கிறேன்.

ம. பீமாராவ்


செஞ்சி
18.1.2026

அன்புள்ள பீமா,

பதில் வேண்டாம் என்றாய். இதுவரை நீ என்னை முழுப்பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அதனால் எழுதுகிறேன்.

பக்கத்தை இந்நேரம் பார்த்திருப்பாய். போகி அன்று காலையில் உன் பேரைப் போட்டேன், பழையபடி எனக்கு முன்னால். லிஸ்ட் ஒன்றேதான், பிரிக்கவில்லை. போட்டுவிட்டுப் போனை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். ரஞ்சனி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "செஞ்சிட்டியா? செஞ்சதுக்கப்புறம் இன்னாத்துக்கு நடுங்குற? எழுந்து காப்பி குடி" என்றாள்.

நினைத்தபடியே ஆயிற்று. காணும் பொங்கலன்று கிரவுண்டு வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். எனக்குப் போட்ட நாற்காலியில் வேறு யாரோ ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். மாமா என்னைப் பார்க்காமலே, "சித்திரைக்குள்ள கடையக் காலி பண்ணிக்க" என்றார். அம்மா கூடப்பிறந்த தம்பி, பீமா. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கபடி காட்டினவர்.

வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் நடந்தேன். கால் என்னவோ கிரவுண்டுக்குப் பின்னால் இருக்கிற கரட்டுக் குன்றின் மேல் ஏறிவிட்டது. உச்சிப் பாறையில் உட்கார்ந்தால் கோடு தெரிகிறது, பனியன் நம்பர் தெரியவில்லை. முதல் மேட்ச்சில் யார் பாயிண்ட் எடுத்தது என்று புரியாமல் தப்பும் தவறுமாகப் போட்டேன். போனில் ஆளாளுக்குத் திட்டுகிறார்கள். முடிந்தது, இன்றோடு ஏழுபேர் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது கீழே சுண்ணாம்புக் கோட்டுப் பக்கமாக ஒருத்தன் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான். அரிகிருஷ்ணன். அவன் அப்பா மேடையில் இருக்கிறார், இவன் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விரலை விரித்து நம்பர் காட்டுகிறான். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ராஜாராமும் காட்ட ஆரம்பித்தான். ஒருத்தன் யார் என்று காட்ட, இன்னொருத்தன் எத்தனை என்று காட்ட, நான் பாறையிலிருந்து போட்டேன். கடைசி மேட்ச் வரைக்கும் ஒரு பாயிண்ட் தப்பவில்லை.

அடுத்த மேட்ச்சுக்கு என்ன செய்வேன் என்று தெரியாது. அரிகிருஷ்ணனுக்கு வீட்டில் என்ன கிடைத்தது என்றும் தெரியாது, இன்று காலை அவன் போனை எடுக்கவில்லை. கடைக்கு வேறு இடம் கேட்டால் எல்லாரும் மாமாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்கிறார்கள். பெரிய வீரன் மாதிரி எழுதுகிறேன் என்று நினைக்காதே. கதவு தட்டினால் இன்னும் தூக்கிவாரிப் போடுகிறது.

நேற்று இறங்கி வரும்போது பாதையில் உங்கள் அம்மா நின்றிருந்தார். கையில் போன். பக்கத்தின் அடிவரைக்கும் தள்ளி, உன் பேர் இருக்கிற இடத்தில் கட்டை விரலை வைத்துக்கொண்டு என்னிடம் நீட்டினார்.

"சிஸ்டம் சரியாப் போச்சாப்பா?" என்றார்.

"சரியாப் போச்சும்மா" என்றேன்.

போனை முந்தானையில் முடிந்துகொண்டார். "இருட்டுது. தனியாப் போவாத, நானும் வர்றேன்" என்று சொல்லி, ஊர்த்தெரு முனைவரைக்கும் என்கூடவே நடந்து வந்தார்.

உன்,
வேலு